கம்பளி தராத ஆடு

கோடையில் நன்னிலம், பேரளம், பூந்தோட்டம் பக்கம் போனால், அறுப்பு முடிந்த வயல்களில் செம்மறிக் கிடை போட்டிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் இராமநாதபுரம் வெள்ளை ஆடுகள். இடையிடையே செம்புள்ளி போட்ட வேம்பூர் ஆடுகளும், வயிறு கறுத்த கீழக்கரிசலும் தென்படும். ஓர் ஆட்டைப் பிடித்து நிறுத்தி, விலாவில் மயிரை எதிர்வாட்டில் நீவிப் பாருங்கள். குட்டையான, நேரான, கொஞ்சம் முரட்டு மயிர். விரல் தடையில்லாமல் தோலைத் தொட்டுவிடும். படங்களில் பார்க்கும் மெரினோ என்ற கம்பளி ஆட்டின் மயிரை இப்படி விலக்க இரண்டு கையும் வேண்டும். விலக்கினாலும் தோல் தெரிவது அரிது.

இரண்டும் ஒரே இனம். இரண்டும் சேர்ந்தால் குட்டி பிறக்கும். அப்படியிருக்க ஒன்று உடம்பெல்லாம் நூல் சுமந்து நிற்கிறது, மற்றது சுமக்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி இப்போது முக்கியமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பி ஒன்றிரண்டு ஏக்கரில் விவசாயம் பார்க்கும் இளைஞர்கள் பலர், நெல், உளுந்து போக ஆடோ முயலோ பட்டுப்புழுவோ வளர்த்து அதிலிருந்து நூல் எடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். பிற நாடுகளில் சிறு பண்ணைகள் அப்படிப் பிழைப்பதைப் பார்த்து வரும் ஆசை அது. ஆசையில் தவறில்லை. ஆனால் விலங்கின் மயிர் என்பது அந்த நிலமும் காற்றும் மழையும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம். காவிரியின் கடைமடையை ஒட்டிய இந்தப் பூமி என்ன முடிவு செய்திருக்கிறது என்பதை ஆட்டின் தோலிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

செம்மறியின் தோலில் இருவகை மயிர்க்கால்கள் உண்டு. முதல்வகை, குட்டி கருவில் இருக்கும்போதே முந்தி உருவாகிவிடும். ஒவ்வொன்றோடும் ஒரு வியர்வைச் சுரப்பி, ஓர் எண்ணெய்ச் சுரப்பி, மயிரைச் சிலிர்க்க வைக்கும் ஒரு சிறு தசை என்று முழுக் குடும்பமே இருக்கும். இதிலிருந்து வருவது பருத்த, நேரான மயிர். இரண்டாம்வகை அதற்குப் பிறகு, முதல்வகையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக முளைக்கும். இவற்றுக்கு வியர்வைச் சுரப்பியும் இல்லை, தசையும் இல்லை. இவற்றிலிருந்து வருவதுதான் மெல்லிய, சுருண்ட கம்பளி இழை. நம் ஆடுகளில் ஒரு முதல்வகைக் காலுக்கு இரண்டாம்வகை மூன்று நான்கு இருந்தால் அதிகம். மெரினோவில் இருபதுக்கு மேல்.

இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். நம் ஆட்டின் மயிருக்கு நடுவே காற்றடைத்த கூடு ஒன்று ஓடுகிறது. வைக்கோல் தாள் உள்ளே பொள்ளலாக இருப்பதைப் போல. அதனால் அது விறைத்து நிற்கும், முறுக்கினால் ஒடியும், சாயம் சரியாகப் பிடிக்காது. மெரினோ இழையில் இந்தக் கூடு கிடையாது. அதன் உள்ளே இரண்டு வகை உயிரணுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி ஓடுகின்றன. இரண்டும் ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஒரே அளவில் நீண்டு சுருங்குவதில்லை. அதனால் இழை தானாகவே நெளிகிறது. அந்த நெளிவுதான் இழையோடு இழை பிடித்துக்கொள்ள வைத்து, நூற்க இடம் கொடுக்கிறது. நல்ல மெரினோ இழையின் குறுக்களவு 17 முதல் 20 மைக்ரான். முரட்டுக் கம்பள ரகம் 30ஐத் தாண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கம்பளி ஆடுதான் அசல், நம்முடையது தேய்ந்துபோன ரகம் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. மேற்கு ஆசியாவில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் பழக்கிய முதல் செம்மறிகள் மயிர் ஆடுகளே. கம்பளி அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்தது. 2017இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஐஆர்எஃப்2பிபி2 என்ற மரபணுவின் ஓரத்தில் வேறொரு மரபணுவின் நகல் துண்டு வந்து செருகிக்கொண்டதுதான் கம்பளித் தன்மைக்குப் பெரும் காரணம் என்று காட்டியது. அந்தச் செருகல் இல்லாததுதான் பழைய வடிவம். மனிதன் அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, மயிர் உதிராத, வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகிற ஓர் ஆட்டை உருவாக்கினான். காட்டுச் செம்மறி ஆண்டுதோறும் தானே மயிரை உதிர்த்துக்கொள்ளும். மெரினோவை வெட்டாமல் விட்டால் தன் மயிரின் பாரத்திலேயே அவதிப்படும்.

அந்தப் பாரத்தோடு ஓர் ஆட்டைக் கொண்டுவந்து ஐப்பசி மழையில் நன்னிலத்து வரப்பில் நிறுத்தினால் என்ன ஆகும்?

வெயிலை மட்டும் வைத்துச் சொன்னால் கம்பளி அவ்வளவு மோசமில்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் மெரினோ நிற்கிறதே! அங்கே கம்பளியின் நுனி கொதித்தாலும் அடியிலிருக்கும் தோல் அவ்வளவு சூடாகாது. தடித்த கம்பளி வெயிலுக்கு மறைப்பு. இங்கே பிரச்சினை ஈரம். செம்மறி உடல் வெப்பத்தை முக்கியமாக மூச்சிரைப்பில்தான் வெளியேற்றுகிறது. மூச்சோடு வரும் ஈரம் ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவு. போதாக்குறைக்குக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும்போது வெப்பத்தை வெளிவிடும். குளிர்நாட்டில் அது வரம். கடலோரத்தில் அது தண்டனை. நனைந்த கம்பளி நாள்கணக்கில் காயாமல் கிடந்தால் அடித்தோல் புழுங்கி அழுகும், வாடைக்கு ஈ வந்து முட்டையிடும், புழு வைக்கும். இந்த மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் களிமண்ணில் கால் புதைய நிற்கும் ஆட்டுக்குக் குளம்பழுகல் வேறு.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே வாழும் சிற்றுயிர்கள்தான் இதைவிடப் பெரிய தடை. வயலிலும் வாய்க்காலிலும் இருக்கும் நத்தைகளில் ஈரல் தட்டைப்புழுவின் ஒரு பருவம் வளர்கிறது. அது நத்தையைவிட்டு வெளியேறி, தண்ணீர் விளிம்பிலுள்ள புல்லில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக் காத்திருக்கும். அந்தப் புல்லை மேயும் ஆட்டின் ஈரலுக்கு நேரே போய்ச் சேரும். வயிற்றில் ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவுக்கும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம்தான் சொர்க்கம்.

நீலநாக்கு நோய் இந்த வரிசையில் தனியாகச் சொல்ல வேண்டியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருவகைக் கடிகொசு பரப்பும் வைரஸ் நோய் இது. அந்தக் கொசு சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் ஐரோப்பிய மெரினோவைக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் இந்த நோய் ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளூர்க் கால்நடைகளுக்குள் வைரஸ் பெரிய ஆர்ப்பாட்டமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வந்த ஆடுகள் கொத்தாகச் செத்தன. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே இது வருகிறது. 1997-98இல் வந்த அலையில் நம் நாட்டு ஆடுகளே பெரும் எண்ணிக்கையில் மடிந்தன. முகம் வீங்கி, வாய் புண்ணாகி, நொண்டி நொண்டி நிற்கும் ஆட்டைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பழகிய ரகத்துக்கே இந்தக் கதி. புதிதாக வரும் கம்பளி ரகத்தை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கம்பளி ஆடே இல்லையா என்றால், இருக்கிறது. நன்னிலத்திலிருந்து மேற்கே போய், ஆற்றுப் பாசனம் முடிந்து மானாவாரிக் காடுகள் தொடங்கும் பெரம்பலூர், திருச்சிப் பக்கம் திருச்சி கறுப்பு ஆடு. அதற்கும் மேற்கே கோயம்புத்தூர்க் குறும்பை. இரண்டும் முரட்டு மயிர். ஆண்டுக்கு இருமுறை கத்தரித்து, நூற்று, கம்பளியாக நெய்தார்கள். குறும்பர் சமூகத்தின் கைத்தொழில் அது. நீலகிரியில் உண்மையான மென்கம்பளி ஆடு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ரத்தம் கலந்து உருவான நீலகிரி ஆடு. சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வருகிறது. வறண்ட மேட்டில் முரடு, குளிர்ந்த மலையில் மென்மை, ஈரச் சமவெளியில் வெறும் மயிர்.

வெள்ளாட்டுக்கும் இதே கணக்குதான். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்துப் பஷ்மினா ஆடு குளிர்காலத்துக்கு முன் 12 முதல் 14 மைக்ரான் அளவில் அடிமயிர் வளர்க்கிறது. அதை வளரச் சொல்வது குளிரைவிடப் பகலின் நீளம். பகல் குறையக் குறைய உடம்பில் சுரப்பு மாறி இழை முளைக்கிறது. லடாக்கில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணிநேரத்துக்கு மேல் வித்தியாசம். நன்னிலத்தில் ஒரு மணிநேரமும் சில நிமிடங்களும்தான். நம் வெள்ளாட்டுக்கு மார்கழி வந்ததை வானம் உரக்கச் சொல்வதே இல்லை. அங்கோரா முயலை யோசிப்பவர்களுக்கு ஒரே வரி: முயல் வியர்க்காது, 30 டிகிரிக்கு மேல் ஆண் முயலின் இனப்பெருக்கத் திறனே குன்றிவிடும். அது கொடைக்கானல் மலைக்கும் இமாச்சலத்துக்கும் உரியது.

பட்டுப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் பட்டு நெய்யும் திருபுவனம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தறி இவ்வளவு அருகில் இருக்க, புழு மட்டும் ஏன் தருமபுரியிலும் கர்நாடகத்திலும்? முட்டையிலிருந்து வெளிவந்து நாலு முறை தோலுரித்து, ஏறக்குறைய நாலு வாரத்தில் தன் எடையைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்ளும் உயிர் அது. அதன் கூட்டிலிருந்து அறுபடாமல் ஒரு கிலோமீட்டர் வரை இழை உருவலாம். அதற்கு வேண்டியது 24 முதல் 28 டிகிரி வெப்பம், வேரில் தண்ணீர் தேங்காத மல்பெரித் தோட்டம், மருந்து படாத இலை. கோடை வெப்பத்தைக் கூரையாலும் நனைத்த சாக்காலும் ஓரளவு தணிக்கலாம். தோட்டத்தை மேட்டில் வைக்கலாம். மூன்றாவதுதான் இங்கே கஷ்டம். சுற்றிலும் நெல்வயல், தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுக்கும் பக்கத்து வயல்காரர் அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் கொஞ்சம் மிதந்து வந்து இலையில் படிந்தால் போதும். பட்டுப்புழுவும் ஒரு பூச்சியின் புழுதான்; மருந்துக்கு அதுவும் இதுவும் ஒன்று. ஒரு ராத்திரியில் தட்டு முழுக்கப் போய்விடும். ஊரே மருந்தைக் குறைத்தால் ஒழிய, தனி ஒருவரின் கவனத்தால் மட்டும் இதைச் சமாளிக்க முடியாது.

ஆக, நன்னிலத்தில் விலங்கு எதற்கு? விடை கிடையில் இருக்கிறது.

சம்பாவும் தாளடியும் அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் எடுத்த பின் வயல் சும்மா கிடக்கும். அப்போது இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் இவர்களுடைய வாழ்க்கையைச் சொல்வது. பகலெல்லாம் வாய்க்கால் கரை, புறம்போக்கு, தரிசு என்று மேய்த்துவிட்டு, பொழுது சாயும் நேரம் பேசிவைத்த வயலுக்கு ஓட்டிவருவார்கள். படல் கட்டி அடைப்பார்கள். குட்டிகளுக்குத் தனியே குடாப்பு. நிலத்துக்காரர் வந்து பார்ப்பார்.

“கீதாரி, அந்தக் கிழக்கு மூலை மேடு. பயிர் எப்பவும் வெளிறிப்போவுது. ரெண்டு ராத்திரி கூடப் போடுங்க.”

“ஆவட்டுங்க. நாளைக்குப் படல அங்கிட்டு மாத்திருவோம்.”

அந்தச் சிறு பேச்சில் பெரிய மண்ணியல் இருக்கிறது. சுமார் 30 கிலோ எடையுள்ள ஓர் ஆடு ராத்திரிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ புழுக்கை போடும் என்று வைத்துக்கொண்டால், நானூறு ஆட்டுக்கு இருநூறு கிலோ. மூத்திரம் தனி. ஊரெல்லாம் சிதறிக் கிடந்த சத்து, நாலு காலில் நடந்து வந்து ஒரு வயலில் இறங்குகிறது. உலர்ந்த ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. சாதாரணத் தொழுவுரத்தில் இவை முறையே 0.5, 0.2, 0.5 அளவில்தான். வண்டிச் செலவு கிடையாது, அள்ளிப் போடும் கூலி கிடையாது. கூலி கிடைக்கு மட்டும்.

மூத்திரத்தை லேசாக நினைக்கக் கூடாது. ஆடு வெளியேற்றும் தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் யூரியாவாகப் போகிறது. மண்ணில் விழுந்த சில மணிநேரத்திலேயே நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். கிடை போட்ட வயலில் காலையில் மூக்கில் ஏறும் நெடி அதுதான். அந்த நெடி, காற்றோடு போகும் உரம். கோடையில் வெடித்துப் பிளந்த களிமண் இங்கே உதவுகிறது: வெடிப்புக்குள் இறங்கிய மூத்திரத்தின் அம்மோனியத்தைக் களிமண் துகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கிடப்பதைக் காப்பாற்ற ஒரே வழி, கிடை எழுந்ததும் தாமதிக்காமல் ஓர் உழவு ஓட்டி மூடுவது. இதைத் தள்ளிப்போடுபவர்கள் பாதிச் சத்தை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

இப்போது நூலுக்குத் திரும்பலாம். நன்னிலம் நூலே தராத ஊர் அல்ல. திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலம், குடவாசல் வட்டாரங்களில் கோடைப் பருத்தி பரவலாகப் போடுகிறார்கள். நெல் அறுத்த வயலில் விதைத்து, கோடையில் எடுக்கிற பயிர். ஒவ்வொரு பருத்தி இழையும் விதைத்தோலின் ஒரே ஓர் உயிரணு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு வளர்ந்தது. ஆட்டு மயிருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வேதியியலில் பார்க்க வேண்டும். கம்பளி கெரட்டின் என்ற புரதம். எடையில் 16 சதவீதம் நைட்ரஜன், மேலும் மூன்று நான்கு சதவீதம் கந்தகம். பருத்தி இழை ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ்; காற்றிலிருந்து எடுத்த கரியும் வேரிலிருந்து வந்த தண்ணீரும்தான். ஒரு கிலோ சுத்தமான கம்பளி ஊரைவிட்டுப் போனால் 160 கிராம் நைட்ரஜன் கூடவே போகிறது. ஒரு கிலோ பஞ்சு போனால் அப்படி ஒன்றும் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்குப் பத்து குவிண்டால் பருத்தி எடுத்தால், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் பஞ்சு, மீதி கொட்டை. பஞ்சு ஏறக்குறைய 350 கிலோ. அதே 350 கிலோ கம்பளி எடுக்க நூற்றுக்கணக்கான ஆடுகளின் ஓராண்டு வளர்ச்சி வேண்டும். நிலத்திலிருந்து 56 கிலோ நைட்ரஜன் வெளியேறும். பருத்தியில் சத்து தங்குவது கொட்டையில், கிட்டத்தட்ட 23 கிலோ நைட்ரஜன். அந்தக் கொட்டையும் புண்ணாக்கும் மாட்டுத் தீவனமாகத் திரும்பினால் அதுவும் சாணமாகி மண்ணுக்கு வரும். நூல் மட்டும் வெளியே போகும், சத்து உள்ளே சுற்றும். இந்த ஊரில் ஆட்டின் வேலை நூல் சுமப்பதல்ல, நூல் தரும் செடிக்கு அடியுரம் போடுவது. கம்பளி நாடுகளிலேயே இன்று நிலைமை என்ன? பிரிட்டனில் முரட்டு மயிருக்குக் கிடைக்கும் விலை, கத்தரிக்கும் கூலிக்கே போதாத ஆண்டுகள் உண்டு. அதை உருண்டையாக்கி, தோட்டத்துக்குத் தழைச்சத்து உரமாக விற்கிறார்கள். தக்காணத்திலும் கத்தரித்த மயிரை வாங்க ஆளில்லாமல் எறிகிறார்கள்.

இதில் ஒரு மோதலும் இருக்கிறது. பருத்தி கோடை முழுக்க வயலைப் பிடித்துக்கொள்வதால் கிடைக்கு இடம் சுருங்குகிறது. இயந்திர அறுப்புக்குப் பின் வைக்கோலையும் கட்டுக்கட்டி லாரியில் ஏற்றிவிடுவதால் ஆட்டுக்கு மேய்ச்சலும் குறைகிறது. பருத்தி போடும் வயலுக்கு உழவுக்கு முன் சில ராத்திரியும், போடாத வயலுக்குக் கோடையில் முழுசாகவும் என்று கிராம அளவில் பேசிப் பங்கிட்டால் இரண்டுக்கும் இடம் உண்டு. கடைசி எடுப்பு முடிந்த பருத்திக்கொல்லையில் ஆட்டை விடும் வழக்கமும் உண்டு. ஆனால் கடைசியாக மருந்து அடித்த தேதியைக் கீதாரியிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மந்தை அவருடைய முழுச் சொத்து.

சொந்தமாக ஏழெட்டு ஆடு வைத்துக்கொள்ள விரும்பும் சிறு விவசாயிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கம்பளி ரகம் தேடி அலையாதீர்கள். இராமநாதபுரம் வெள்ளையோ கீழக்கரிசலோ வாங்குங்கள், வாங்குவதைக் கோடையில் வாங்குங்கள். மழைக்காலத்துக்குத் தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் இடைவெளிவிட்டு அடித்த பலகைப் பரண் போடுங்கள்; புழுக்கை கீழே விழும், குளம்பு காய்ந்திருக்கும், விழுந்ததை அள்ளிக் குப்பையில் சேர்க்கலாம். பனி காயாத காலையில் வாய்க்கால் விளிம்புப் புல்லில் மேய விடாதீர்கள். நீலநாக்கு நோயின் ஐந்து வைரஸ் வகைகளுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவிலேயே தயாராகிறது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஆவணிக்குள் போட்டுவிடுங்கள். புரட்டாசியில் முதல் மழை விழுந்து சேறு ஊறிய பின் போடுவது, கொசு கடித்த பிறகு வலை கட்டும் வேலை.